பதிப்பெண் பார்த்த கண்கள்: ரொறன்ரோத் தமிழரும் மென்பொருள் இற்றைப்படுத்தலும்

மென்பொருள் இற்றைப்படுத்தலின் வரலாற்றைப் பெரும்பாலும் பாதுகாப்பின் வரலாறாகவே எழுதுகிறார்கள்: புழு வந்தது, ஒட்டு வந்தது, பிறகு எல்லாம் தானியங்கி ஆயிற்று என்று. ஸ்காபரோவின் மேற்கு ஓரத்தில், லோறன்ஸ் அவெனியூ கிழக்கை ஒட்டியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் இருந்து பார்த்தால் அந்தக் கதைக்கு வேறொரு தொடக்கம் உண்டு. 1983க்குப் பின் ஸ்காபரோவில் குடியேறிய ஈழத்தமிழர் ஒரு கோப்பின் பதிப்பெண்ணைத் தேடிப் பார்த்தது வைரசுக்குப் பயந்து அல்ல. திரையில் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்பதால்.

பாமினி எழுத்துரு கோலோச்சிய காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. கணினியில் பாமினி இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பை. பதிப்புச் சிக்கல் குறியாக்கங்களோடு வந்தது. தகுதரம் எனப்பட்ட டிஸ்கியே 1.6, 1.7 என்று எண் போட்டுக்கொண்டுதான் நடமாடியது. யூனிகோடு அதை இன்னும் ஆழத்துக்குத் தள்ளியது. ‘கெ’ என்ற எழுத்தில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். விண்டோசில் இந்த இடமாற்றத்தைச் செய்தது யுஎஸ்பி10 டிஎல்எல் என்ற சிறிய கோப்பு. 2000ஆம் ஆண்டு விண்டோஸ் லதா எழுத்துருவோடு தமிழுக்கு இடம் கொடுத்தது என்றாலும், அடுத்து வந்த எக்ஸ்பியில் சிக்கல் எழுத்து மொழிகளுக்கான பெட்டியில் நாமே குறியிட்டு, நிறுவல் குறுந்தட்டையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் கொம்பு இடம் மாறி நின்றால், கோப்பின் மேல் வலச்சொடுக்கிப் பதிப்பெண்ணைப் படிப்பார்கள். புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்கள். ‘எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியா வருது’ என்று தொலைபேசியில் முறையிட்டவரிடம் அந்த நான்கையும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட மருமக்கள் பலர்.

மனிதக் கண் செய்த அந்த ஒப்பீட்டை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது எளிதாக இருக்கவில்லை. 1.10 பெரியதா, 1.9 பெரியதா? தசமமாகப் படித்தாலும், எழுத்துவரிசையில் அடுக்கினாலும் 1.9தான் பெரியது, புள்ளிக்குப் புள்ளி பிரித்து எண்ணினால் 1.10. 1999இல் ஆபிஸ் 2000உடன் வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர், ஒரு நிரலின் புதிய பதிப்பை அடையாளம் காண முதல் மூன்று எண்களை மட்டுமே ஒப்பிடும். நான்காவதை மாத்திரம் உயர்த்திப் புது நிறுவியை வெளியிட்டால், பழையதும் புதியதும் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடும். அதே ஆண்டு மார்ச்சில் டெபியன் 2.1 தன் ஆப்ட் கருவியோடு வந்து, லினக்ஸ் பக்கம் இந்த ஒப்பீட்டையும் சார்புக் கோப்புகளைத் தேடிச் சேர்ப்பதையும் ஒரே கட்டளைக்குள் அடக்கியது. நம் வீடுகளில் லினக்ஸ் அரிது. ஆகவே அந்த வசதியும் அரிது.

திருப்பம் 2003 ஆகஸ்டில் நேர்ந்தது. பிளாஸ்டர் புழு நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் ஜூலை 16 அன்றே ஒட்டு வெளியிட்டிருந்தது. புழு தலைகாட்டியது ஆகஸ்ட் 11இல். இடையில் கிடைத்த 26 நாட்கள் உலகத்துக்குப் போதவில்லை. ஆகஸ்ட் 14 அன்று மின்தடையால் ரொறன்ரோ இருளில் மூழ்கியபோது புழுவின் மீதும் சந்தேகம் விழுந்தது. அமெரிக்க, கனடியக் கூட்டு விசாரணை அதற்குச் சான்று இல்லை என்றது. அடுத்த வாரம் வந்த வெல்ச்சியா விநோதமானது. பிளாஸ்டரை அகற்றி, மைக்ரோசாப்டின் ஒட்டைத் தானே இறக்கி நிறுவ முயன்ற புழு அது. யாரையும் கேளாமல் ஊர்க் கணினிகளை இற்றைப்படுத்தக் கிளம்பிய அந்த நல்லெண்ணத்தில் வலையமைப்புகள் திணறின. ஆகஸ்ட் 19 அன்று ஏர் கனடாவின் பயணிகள் பதிவுமுறையும் அகப்பட்டது. ஓராண்டு கழித்து வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, தானியங்கி இற்றைப்படுத்தலை இயக்கும்படி பயனரை வற்புறுத்தியது. கேளாமல் செய்வது குற்றமாகவும் சேவையாகவும் அறிமுகமானதற்கு இடையே ஓராண்டுதான் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. 2007இல் விஸ்டா பொதுச் சந்தைக்கு வந்தபோது தமிழுக்கெனத் தனியே குறியிட வேண்டிய தேவை போயிற்று. 2008இல் வந்த குரோம் ஓசையின்றித் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. 2013இல் ஐஓஎஸ் 7 செயலிகளுக்கும் அதே வழியைத் திறந்தது. கொம்பு சரியான இடத்தில் நின்றது. பதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை.

2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் இற்றைப்படுத்தல் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ரொறன்ரோவில் போர்ட்டர் விமானங்கள் ரத்தாயின. முன்னெச்சரிக்கையாக ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கும்படி அமைத்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை. அந்தக் கட்டுப்பாடு நிரலுக்குத்தான். விழுந்ததோ தரவுக் கோப்பு. கணினியைப் பாதுகாப்பு முறையில் தொடக்கி, 291 என்ற எண் கொண்ட கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. பழுதான கோப்புக்கும் திருத்திய கோப்புக்கும் பெயரில் அடையாளம் ஒன்றே. நேரமுத்திரையைப் படித்துத்தான் பிரித்தறிந்தார்கள்: உலகப் பொதுநேரம் 04:09 என்றால் கெட்டது, 05:27 என்றால் நல்லது.