பன்னிரண்டு மில்லிமீட்டரில் ஒரு மீட்டர் கேஜ்

ஒரு மீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர் வரும். மாதிரி ரயில் செய்கிறவர்களுக்கு இந்த 87 ஒரு மந்திர எண். உலகத்தில் அதிகமாக விற்கும் மாதிரி ரயில்கள் உண்மையானதில் 87இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுபவை. ஹெச்ஓ என்பார்கள். ஐரோப்பா, அமெரிக்காவின் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 16.5 வருகிறது. கடையில் கிடைக்கும் குட்டித் தண்டவாளத்தின் அகலமும் 16.5தான்.

நம்முடைய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அந்த அகலத்தில் தண்டவாளத்தை யாரும் பெட்டி பெட்டியாகச் செய்து விற்பதில்லை. அதனால் இந்திய அகலப்பாதை இன்ஜினை மாதிரியாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் 16.5லேயே ஓட்டிக்கொள்கிறார்கள். கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் பொய். ஆனால் நம் ஊர் மீட்டர் கேஜுக்கு அந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. சுவிட்சர்லாந்தில் மலைமேல் ஓடும் மீட்டர் கேஜ் ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையில் கிடைக்கிறது. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட முழுசாகப் பிடுங்கி எடுக்கப்பட்ட ஒரு பாதை, குட்டி அளவில் மட்டும் இன்னும் விற்பனைக்கு இருக்கிறது!

இரண்டாயிரத்துக்குப் பிறகு பிறந்தவர்கள் பலர் மீட்டர் கேஜைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆகவே கொஞ்சம் பின்னால் போவோம். 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போட்ட பாதை அகலப்பாதைதான். 1870இல் வைஸ்ராய் மேயோ காலத்தில், செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் என்ற குறுகிய அளவு தேர்வானது. சிறிய பாலம், சிறிய வளைவு, சிறிய செலவு. அடுத்த சில ஆண்டுகளில் நாகப்பட்டினம் பாதையையே பிடுங்கி மீட்டர் கேஜாக மாற்றினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1992இல் எல்லாம் ஒரே அளவு என்ற திட்டம் வந்ததும் அதே மண்ணில் மறுபடி அகலப்பாதை. ஆக இரண்டு முறை, இரண்டு திசையில், ஒரே காரியம்.

இந்தக் கதையின் பிற்பாதியில் வருகிற இன்ஜின்தான் ஒய்.டி.எம்.-4. பெயரைப் பிரித்தால் சுலபம். ஒய் என்றால் மீட்டர் கேஜ், டி என்றால் டீசல், எம் என்றால் பயணி ரயிலுக்கும் சரக்குக்கும் பொது. அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி என்ற ஊரில் இருந்த ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு இது. அவர்கள் வைத்த பெயர் டி.எல்.535. 1960களின் தொடக்கத்தில் கப்பலில் வந்து இறங்கியது. கனடாவின் மான்ட்ரியாலில் செய்தவையும் வந்தன. 1968 முதல் வாரணாசி டீசல் தொழிற்சாலையே செய்ய ஆரம்பித்தது. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர், சுமார் 1400 குதிரைத்திறன், ஆறு அச்சு, 72 டன். இந்தியா முழுக்க ஐந்நூறுக்கு மேல் ஓடின. தெற்கில் அவற்றின் முக்கியமான வீடு திருச்சி பொன்மலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆல்கோ 1969இல் கடையைக் கட்டிவிட்டது. பெற்றவர் போன பிறகும் பிள்ளைகள் வாரணாசியில் பிறந்துகொண்டே இருந்தன. பொன்மலைப் பட்டறைக்காரர்களின் பேச்சில் "ஆல்கோ" என்ற சொல் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயராக இல்லாமல், ஒரு வகை இன்ஜினின் சாதிப் பெயர் மாதிரியே ஆகிவிட்டது.

ஆல்கோ என்றால் புகை. ரயில் கிளம்பும்போது ஆள் உயரத்துக்கு மேல் கரும்புகை எழும்பும். பிளாட்பாரத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு அதுதான் காட்சி: "டேய், புகைய பாருடா!" அது பழுது இல்லை. டிரைவர் கைப்பிடியை ஒரு நாட்ச் ஏற்றியதும் டீசல் உடனே கூடுதலாகப் பாயும். காற்றை அழுத்தித் தரும் டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்ற வேண்டியது. அது வேகம் பிடிக்கச் சில நொடி ஆகும். அந்தச் சில நொடிகள் எண்ணெய் அதிகம், காற்று குறைவு. எரியாமல் போனது கருப்பாக வெளியே வரும். டர்போ வேகம் பிடித்ததும் புகை வெளிறும், ஒரு மெல்லிய விசில் கேட்கும்.

சக்கரத்தை டீசல் நேரடியாகச் சுற்றுவதும் இல்லை. டீசல் ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டார்களுக்குப் போகும். அதனால்தான் இன்ஜின் முதலில் உறுமி, அப்புறம்தான் மெதுவாக நகரும். இன்றைய மாதிரி இன்ஜின்களில் ஒலிச் சில்லு வைக்கிறார்கள். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த சில்லுகளில் ஆல்கோ 251 இன்ஜினின் சத்தம் கிடைக்கிறது. ஒய்.டி.எம்.-4க்குள் இருந்ததும் 251 குடும்பம்தான். ஆனால் பெரிய வண்டிகளில் இருந்தவை பன்னிரண்டு, பதினாறு சிலிண்டர். நம்முடையது ஆறு. தூரத்திலிருந்து கேட்டால் நொண்டி நடப்பது போல ஒரு தாளம் இருக்கும். மாயவரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் எழுத்தில் ரயில் ஏக்கம் என்றாலே நீராவிதான். கரி, கொதிகலன், கூவல். டீசலுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அது நடுவில் வந்தது, நடுவிலேயே போனது. ஆனால் கணக்குப் பாருங்கள். மதுரையையும் சென்னையையும் ஒரே பகலில் இணைத்த வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது மீட்டர் கேஜில், டீசல் இன்ஜினோடு. பாம்பன் பாலத்தின் மேல் கடைசி முப்பது வருஷம் ராமேஸ்வரத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுபோனதில் டீசலுக்குப் பெரிய பங்கு. கல்லூரிக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, வேலை தேடி என்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போனவர்களில் பாதிப் பேருக்கு ரயில் என்றால் நீராவி வாசனை இல்லை, டீசல் வாசனைதான். அந்தத் தலைமுறை இப்போதுதான் நினைவுகளைச் சொல்லும் வயதுக்கு வந்திருக்கிறது.

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை இதற்கு நல்ல உதாரணம். 1904இல் திறந்த பாதை. பகவதிபுரத்தைத் தாண்டினால் நீளமான குகை, அப்புறம் ஆரியங்காவு, அதற்கும் கீழே பதின்மூன்று கண் பாலம். ஏற்றம் கடுமை. முன்னால் ஒரு ஒய்.டி.எம்.-4 இழுக்கும், பின்னால் இன்னொன்று தள்ளும். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே பின் இன்ஜினின் முகம் தெரியும். குகைக்குள் போனதும் ஜன்னலை இறக்கச் சொல்லிப் பெரியவர்கள் கத்துவார்கள், அதற்குள் புகை உள்ளே வந்திருக்கும். 2010 செப்டம்பரில் அந்தப் பாதையில் மீட்டர் கேஜ் நின்றது. 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். வளைவுகள் அப்படியே இருக்கின்றன, இன்ஜின் இல்லை.

பாதை போனால் இன்ஜினுக்கு என்ன வேலை? அகலப்பாதை இன்ஜினை வேறு ஊருக்கு மாற்றலாம். மீட்டர் கேஜ் இன்ஜின் எங்கே போகும்? சில மியான்மருக்குப் போயின. சில மலேசியாவில் வாடகைக்கு ஓடின. வியட்நாமுக்கென்றே வாரணாசியில் செய்து அனுப்பியவையும் உண்டு. மீதி பெரும்பாலும் பழைய இரும்பு. கிலோ கணக்கு.

இப்போது ஒரு தூர தேசத்துக்குப் போக வேண்டும். காரணம், நம் இன்ஜினின் உடன்பிறப்பு ஒன்று அங்கே இருந்தது. அலாஸ்காவின் ஸ்காக்வேயிலிருந்து கனடாவின் வைட்ஹார்ஸுக்குப் போட்ட வைட் பாஸ் அண்ட் யூகான் ரயில்பாதை. தங்கம் தேடி ஓடியவர்களுக்காக 1898இல் ஆரம்பித்து 1900இல் முடித்தது. அதன் அகலம் மூன்று அடி, அதாவது 914 மில்லிமீட்டர். 1969 முதல் அங்கேயும் ஆல்கோ டி.எல்.535 வந்தது. பனிமலைக்கேற்ப முகம் வேறு, உள்ளே அதே ஆறு சிலிண்டர். எண்ணிக்கை ஐந்நூறு இல்லை, பத்துச் சொச்சம்.

அந்தப் பத்துச் சொச்சத்தை ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இருந்த எல்ஜிபி என்ற பொம்மை ரயில் நிறுவனம் மாதிரியாகச் செய்தது. 1968இல் தொடங்கிய எல்ஜிபி, தோட்டத்தில் ஓட்டும் பெரிய மாதிரிகளுக்குப் பேர் போனது. அளவு 22.5இல் ஒரு பங்கு, தண்டவாளம் 45 மில்லிமீட்டர். அந்த அலாஸ்கா டீசல் அவர்களுடைய புகழ்பெற்ற மாதிரிகளில் ஒன்று. உலகின் பல தோட்டங்களில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, இங்கேயும் வகுத்துப் பார்ப்போம். 914ஐ 22.5ஆல் வகுத்தால் 40.6. அலாஸ்கா இன்ஜினுக்கு 45 மில்லிமீட்டர் தண்டவாளம் நாலு மில்லிமீட்டருக்கு மேல் பெரிது. 1000ஐ 22.5ஆல் வகுத்தால் 44.4. ஆக அந்தப் பொம்மை ஓடுகிற தண்டவாளம் அலாஸ்காவைவிட விழுப்புரத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்ஜின் குடும்பம் ஒன்று, தண்டவாளம் நம்முடையது. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் மட்டும் வேறு.

இதில் யார்மேலும் கோபப்பட ஒன்றும் இல்லை. பொம்மைக் கம்பெனி, வாங்குகிறவர் இருக்கும் பக்கம்தான் போகும். கப்பலில் வந்து வைட் பாஸ் ரயிலில் ஏறிய சுற்றுலாப் பயணி, ஊருக்குத் திரும்பி அந்த இன்ஜினைத் தோட்டத்தில் ஓட்ட ஆசைப்பட்டார், அவரிடம் காசும் தோட்டமும் இருந்தன. திருத்துறைப்பூண்டியில் ஏறி திருவாரூரில் இறங்கியவருக்கு ரயில் ஒரு காட்சிப்பொருள் இல்லை, பஸ்ஸைவிடக் குறைந்த டிக்கெட். எத்தனை பேரை ஏற்றிச் சென்றது என்பதை வைத்து ஒரு இயந்திரம் நினைவுகூரப்படுவதில்லை. ஏறியவர்கள் பிறகு என்ன வாங்க முடிந்தது என்பதை வைத்தே நினைவுகூரப்படுகிறது. இயந்திரங்களின் வரலாற்றில் இந்த ஓரவஞ்சனை எங்கும் இருக்கிறது. ரயிலில் அது கண்ணுக்குத் தெரியும்படி, மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிறது.

அதனால் இங்கே செய்கிறவர்கள் கையால்தான் செய்கிறார்கள். கெட்டி அட்டையில் வெட்டி, பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டி, இப்போது முப்பரிமாண அச்சில். வெளிநாட்டு இன்ஜினின் அடிப்பாகத்தை வாங்கி, மேலே நம் உடம்பை வைக்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்ய உட்கார்ந்த ஒருவரிடம் பேசிப் பாருங்கள். அவர் கேட்கும் கேள்விகளை எந்த வரலாற்றுப் புத்தகமும் கேட்காது. நடுவில் இருக்கும் ஒற்றை பஃபர் தரையிலிருந்து எத்தனை அங்குலம்? டிரைவர் ஏறும் படி எத்தனை, கைப்பிடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கும்? புகைப்போக்கியைச் சுற்றி எவ்வளவு தூரம் கருத்திருக்கும்? டோக்கன் வளையத்தை வாங்க டிரைவரின் உதவியாளர் எந்தப் பக்கம் கையை நீட்டுவார்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கோப்புகளில் பாதிதான் இருக்கும். மீதி, பொன்மலையில் ஓய்வு பெற்ற ஃபிட்டரின் கையில் இருக்கிறது. உண்மையான இன்ஜின் இரும்புக் கடைக்குப் போன பிறகு, அளவெடுக்க ஒன்றும் மிச்சமில்லாத நிலையில், மாதிரி செய்கிறவர் அந்த மனிதரைத் தேடிப் போகிறார். "அய்யா, அந்தப் பக்கக் கதவு எப்படித் திறக்கும்?" என்று கேட்கிறார். முப்பது வருஷம் வேலை பார்த்தவரிடம் அவர் வேலையைப் பற்றி ஒருவர் விவரமாகக் கேட்பது, சில சமயம் அதுதான் முதல் முறையாக இருக்கும்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு படம் இருக்கலாம். யாரோ ஒரு சித்தப்பா ஊருக்குக் கிளம்பும்போது பிளாட்பாரத்தில் எடுத்தது, பின்னால் மங்கலாக ஒரு டீசல் இன்ஜின். இதுவரை சித்தப்பாவை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பின்னால் இருப்பதையும் பாருங்கள். இன்ஜின் எண் படிக்க முடிந்தால் படத்தின் பின்பக்கம் ஊர், வருஷம், எண் மூன்றையும் எழுதி வையுங்கள். எங்கோ ஒருவர் அட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து அந்தப் படத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.