டோசிங் பம்ப்: ஒரு சொட்டின் வரலாறு



"சார், மீன் தொட்டிக்கு டோசிங் பம்ப் வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்கறது?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். வாத்தியாரிடம் கேட்டால் பதில் வரலாற்றிலிருந்துதான் தொடங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் சேர்த்து வளர்த்தார். செடி ஆக்ஸிஜன் தரும், மீன் பிழைக்கும் என்பது கணக்கு. ஆனால் அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகமே வந்துவிட்டது. நம் சென்னை மெரினாவில் 1909-ல் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. இன்று வண்ணமீன் என்றால் எல்லோரும் சொல்வது கொளத்தூரை.

வாரிங்டன் கற்றுத் தந்தது சமநிலை. அதைக் காக்க, குறைவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் சேர்க்க வேண்டும். எங்கள் மலைத் தண்ணீரில் உப்புகள் குறைவு. தொட்டியில் செடிகள் மஞ்சளாகும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மூடி திரவ உரத்தை ஊற்றுவேன். திங்கட்கிழமை செடிக்கு விருந்து, வெள்ளிக்கிழமை பட்டினி, நடுவில் பாசிக்குக் கொண்டாட்டம்! இதற்குத்தான் டோசிங் பம்ப்.

அதன் உள்ளே இருப்பது மிக எளிய வேலை. வளைந்த ஒரு ரப்பர் ட்யூபைச் சுழலும் உருளைகள் அழுத்திக்கொண்டே போகும். உணவுக்குழாய் சோற்றுருண்டையைத் தள்ளுகிறதே, அதே பெரிஸ்டால்சிஸ். எட்டாம் வகுப்பில் படம் வரைந்தோமே! யோசனை 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1930-களில் அமெரிக்காவில் மைக்கேல் டிபேக்கி என்ற இளைஞர் அதைச் செம்மைப்படுத்தி, ரத்தம் ஏற்றப் பயன்படுத்தினார். 1953-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண்ணுக்கு இதய அறுவை செய்தபோது, இதயத்தின் வேலையை 26 நிமிடம் ஒரு கருவி செய்தது. அந்தக் கருவியிலும் இருந்தது இந்த உருளை பம்ப்தான்.

போன வருடம் சேலத்தில் என் அண்ணனுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது இயந்திரத்தின் முகப்பில் ஒரு சக்கரம் மெதுவாகச் சுற்றியது. அண்ணனின் ரத்தம் அதற்குள் ஓடியது. சட்டென்று புரிந்தது, என் மீன் தொட்டியில் சுற்றுவதும் இதுதான். அங்கே செவிலியர் ஒவ்வொரு முறையும் ட்யூபைத் தொட்டுப் பார்த்து, சரிபார்த்த பிறகே இயக்கினார்.

நான் அப்படிச் செய்யவில்லை. ஒரு முறை அண்ணனோடு மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்பினால், லிக்விட் கார்பன் பாட்டில் காலி. மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறின. பேத்தி பெயர் வைத்து வளர்த்த பன்னிரண்டில் ஏழு செத்துவிட்டன. பாட்டில் தொட்டியைவிட உயரத்தில் இருந்தது, ட்யூபின் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது, உருளை அழுத்தும் இடத்தில் ட்யூப் தளர்ந்துபோயிருந்தது. சைஃபன்! முப்பது வருடம் கரும்பலகையில் நடத்திய பாடம். பம்பின் மேல் குற்றமில்லை. பேத்தியிடம் "தாத்தா தப்பு" என்று சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே தம்பி, கேட்டுக்கொள்:

வாங்கும்போது: மின்சாரம் போய் வந்தாலும் நேரமும் அளவும் மறக்காத பம்பாகப் பார். ஐப்பசி மழையில் இது ரொம்ப முக்கியம். ஸ்டெப்பர் மோட்டார் என்றால் அளவு துல்லியமாக இருக்கும். மாற்று ட்யூப் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்ட பிறகே பணம் கொடு. பவளம் வளர்த்தால் கால்சியத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என இரண்டு தனிப் பாதை வேண்டும். ஒன்றாகக் கலந்தால் சுண்ணாம்பாகப் படிந்துவிடும்.

வைத்திருக்கும்போது: மாதம் ஒரு முறை ஒரு நிமிடம் ஓடவிட்டு, மருந்து ஊசிக்குழாயில் அளந்து பார். ட்யூப் சப்பையானால் உடனே மாற்று. எப்படியும் வருடத்துக்கு ஒரு முறை மாற்று. பாட்டில் கீழே இருக்கட்டும், ட்யூபின் நுனி தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். ஒரு வாரத்துக்குமேல் மருந்து ஊற்றி வைக்காதே. தவறினாலும் சேதம் குறையும்.

அண்ணன் இப்போது வாரம் இரண்டு முறை போய் வருகிறார். நானும் கூடப் போகிறேன். கிளம்புவதற்கு முன் தொட்டியின் ட்யூபை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். மீதி ஐந்து மீன்களும் நலம்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்