கோடியக்கரை பறவை வளையமிடல்

கோடியக்கரை பறவை வளையமிடல் என்பது நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் வட்டத்தில், குளிர்காலத்தில் வந்து தங்கும் வலசைப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் இட்டு, திரும்பப் பறக்கவிடும் ஆய்வுப் பணியாகும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதனை நடத்தி வந்தது. தமிழகக் கடற்கரைக்கு வரும் பறவைகள் எங்கிருந்து வருகின்றன, மறு ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்புகின்றனவா என்ற கேள்விகளுக்குச் சான்றுடன் விடை தந்தது இப்பணியே.

பின்னணி

பறவைகள் பருவம்தோறும் இடம்பெயர்வதைத் தமிழர் பண்டைக் காலத்திலேயே கவனித்திருந்தனர். குமரித்துறையில் நீராடிவிட்டு வடதிசைக்குத் திரும்பும் நாரையைத் தன் மனைவியிடம் தூது அனுப்புவதாகச் சத்திமுத்தப் புலவர் பாடிய பாடல் இதற்குச் சான்று. ஆனால் வடதிசையில் எந்த நாடு, எவ்வளவு தொலைவு என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் அறிய முடியாது. ஐரோப்பாவிலும் இதே நிலைதான். தகைவிலான்கள் குளிர்காலத்தில் மறைந்து உறங்குகின்றன என்ற நம்பிக்கை அங்கே நெடுங்காலம் நிலவியது. 1822-இல் ஜெர்மனியில் சுடப்பட்ட ஒரு வெண்நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று பாய்ந்திருந்தது. அது எங்கே குளிர்காலத்தைக் கழித்தது என்பதை அந்த ஈட்டியே சொல்லிவிட்டது.

இதனை முறையான ஆய்வாக ஆக்கியவர் டென்மார்க்கின் விபோர்க் நகரப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன். அவர் 1899-இல் மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டார். இந்தியாவில் 1920களில் தார் சமஸ்தானத்தில் வாத்துகளுக்கு வளையமிடும் முயற்சி நடந்தது.

நோயும் வலசையும்

1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் இறந்து விழுந்தன. மனிதர்களும் காய்ச்சலுக்கு ஆளாயினர். உண்ணிகளால் பரவும் அந்த வைரஸ், ரஷ்யாவில் அறியப்பட்டிருந்த மூளைக்காய்ச்சல் வைரஸை ஒத்திருந்தது. வடக்கிலிருந்து வரும் பறவைகளே உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. இதை ஆராய, பறவையியலாளர் சாலிம் அலியின் (1896–1987) தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் வளையமிடலைத் தொடங்கியது. வலசைப் பறவைகளே அந்நோயைக் கொண்டுவந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் நோய்க்காகத் தொடங்கிய பணி, இந்தியப் பறவைகளின் பயணங்களைப் பற்றிய அடிப்படை அறிவைத் தந்தது.

அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பு ஒன்றின் நிதியும் இப்பணிக்குக் கிடைத்ததால், 1970களின் நடுவில் உயிரியல் போர் ஆய்வுக்கு இது பயன்படுகிறதோ என்ற சந்தேகம் பத்திரிகைகளில் எழுந்தது. நாடாளுமன்றக் குழுவும் இதை ஆராய்ந்தது. 1980களில் புதிய திட்டத்தின் கீழ் வளையமிடல் மீண்டும் விரிவாக நடைபெற்றது. அதன் முக்கியக் களங்களுள் ஒன்று கோடியக்கரை.

கோடியக்கரையின் சிறப்பு

வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் கோடியக்கரை உள்ளது. வடகிழக்குப் பருவமழையின் நன்னீரும் கடல்நீரும் கலக்கும் வேதாரண்யம் சதுப்பு நிலம், ஆழமற்ற சேற்றுப் பரப்பாக விரிந்து கிடக்கிறது. சேற்றில் வாழும் புழுக்களும் சிறு உயிர்களும் நீர்ப்பறவைகளின் உணவு. பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து ஆகியவற்றோடு கொசு உள்ளான் போன்ற சின்னஞ்சிறு கரைப்பறவைகளும் இங்கே பெருங்கூட்டமாக வருகின்றன. இப்பகுதி 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமாகச் சேர்க்கப்பட்டது.

வளையமிடும் முறை

பறவைகளின் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைகளாலும் கண்ணிகளாலும் பறவைகள் பிடிக்கப்பட்டன. பீகாரைச் சேர்ந்த மிர்ஷிகார் என்னும் பறவை பிடிக்கும் சமூகத்தினரின் கைத்திறன் இப்பணிக்குப் பெரிதும் உதவியது. சந்தைக்குப் பறவை பிடித்த அதே திறன் இங்கே இறகு உதிராமல் பிடித்து விடுவதற்குப் பயன்பட்டது. பிடித்த பறவையின் இனம் குறிக்கப்படும். சிறகு, அலகு, கால் ஆகியவற்றின் நீளமும் எடையும் அளக்கப்படும். வளையத்தில் எண்ணுடன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்னும் பொருள்பட ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்டிருக்கும்.

வளையமிட்ட பறவைகளில் மிகச் சிலவே மீண்டும் கிடைக்கும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் வளையமிட வேண்டியிருந்தது. சைபீரியாவின் ஆர்க்டிக் தூந்திரத்தில் முட்டையிடும் உள்ளான்கள் வேதாரண்யச் சேற்றில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பதையும், ஒரே பறவை அடுத்தடுத்த ஆண்டுகளில் இதே சேற்றுக்குத் திரும்புகிறது என்பதையும் வளையங்கள் உறுதி செய்தன. இதன் பொருள் பெரிது. ஒரு சதுப்பு நிலம் அழிந்தால், அதை நம்பி வரும் பறவைக்கு மாற்றிடம் காத்திருப்பதில்லை.

எண்ணிக்கைச் சரிவு

1980களின் கணக்குகளோடு ஒப்பிட்டபோது, பிற்காலத்தில் சிறு கரைப்பறவைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்திருந்தது. உப்பளங்களின் விரிவும் சதுப்பு நிலத்துக்கு வரும் நன்னீர் குறைந்ததும் முக்கியக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. உப்புத்தன்மை எல்லை மீறினால் சேற்று உயிர்கள் குறையும். உணவு குறைந்தால் பறவைகள் நீங்கும். உப்புக்கும் வேதாரண்யத்துக்கும் உள்ள உறவு பழையது. 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த கரை இது. உப்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களும் இங்கே பல. ஆகவே பறவைகளின் சிக்கலை உப்பளத் தொழிலாளரின் வாழ்விலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் கோடியக்கரைக் காட்டின் மரங்களைச் சாய்த்தது.

கொங்கு நாட்டுத் தொடர்பு

வலசை ஆய்வின் மற்றொரு கண்ணி கோயம்புத்தூரில் உள்ளது. நகரின் வடக்கே உள்ள துடியலூருக்கு மேற்கே, தடாகம் பள்ளத்தாக்குக்கு அப்பால், கேரள எல்லையை ஒட்டிய ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் அமைந்துள்ளது. 1990-இல் நிறுவப்பட்ட இதன் முதல் இயக்குநர் வி. எஸ். விஜயன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் பரத்பூர் நீர்நில ஆய்வை நடத்தியவர். கடற்கரைச் சேற்றிலும் வடநாட்டு ஏரிகளிலும் வளர்ந்த ஆய்வு மரபு இவ்வாறு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்கும் வந்து சேர்ந்தது.

நொய்யல் நீரால் நிரம்பும் உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர், சூலூர் முதலிய குளங்களிலும் குளிர்காலத்தில் வாத்துகளும் உள்ளான்களும் வாலாட்டிகளும் தங்குகின்றன. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் நடைபெறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில், வீட்டு வாசலிலும் குளக்கரையிலும் பொதுமக்கள் பறவைகளை எண்ணிப் பதிவு செய்கின்றனர்.

பயணிகள் கவனத்துக்கு

கொங்குப் பகுதியிலிருந்து செல்வோர் தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரையை அடையலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வெயில் தணிந்திருக்கும், பறவைகளும் மிகுந்திருக்கும். வளையமிட்ட பறவையை உயிருடன் கண்டால் அதைத் துரத்தாமல் படம் எடுத்தால் போதும். இறந்து கிடந்தால் வளையத்தின் எண், கண்ட இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து, வளையத்திலுள்ள முகவரிக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பறவையின் பயணக் குறிப்பு முழுமையடைவது அப்போதுதான்.