மெருகின் வரலாறு

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது பாசிக்குடா. நெடுந்தூரம் இறங்கி நடந்தாலும் ஆழம் காணாத அமைதியான கடல் அது. அதன் கரையில் ஒதுங்கும் சிப்பியும் பவளத்துண்டும் வழுவழுப்பாய் இருப்பதற்குக் காரணம், மணலும் நீரும் சேர்ந்து அவற்றை இடையறாது உரைத்தமையே. ஆயின், அதே கடலின் உப்புக்காற்று, தீந்தையிற் கீறல் விழுந்த மோட்டார் வண்டியின் இரும்பை விரைவிலே துருவுக்கு இரையாக்குகின்றது. ஆகவே கடலோரத்து மக்களுக்கு வண்டியின் தீந்தை அழகு மாத்திரமன்று, காப்புமாகும்.

உரைத்து மெருகேற்றும் கலை மோட்டார் வண்டியினும் மிகப் பழையது. பராய் மரத்தின் சொரசொரப்பான இலையால் மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து வழுவழுப்பாக்குதல் நம் நாடுகளின் பழைய வழக்கம். சுறாத்தோலும், கடல்நுரை எனப்படும் கணவாய் ஓடும் இத்தொழிலுக்கு உதவின. முறை ஒன்றே: முரடான பொருளால் மேடுகளை நீக்குவது, அது விட்ட கீறல்களை அதனினும் நுண்ணிய பொருளால் நீக்குவது, ஈற்றில் கண்ணுக்குப் புலப்படாத கீறலே எஞ்சும்படி செய்வது. மேடுபள்ளமான பரப்பில் ஒளி சிதறும். சமமான பரப்பில் ஒழுங்காக மீளும். மெருகு என்பது இதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குதிரை வண்டிகளுக்குப் போலவே மோட்டார் வண்டிகளுக்கும் எண்ணெய்த் தீந்தையும் வார்னிசும் பல படலங்களாகப் பூசப்பட்டன. ஒவ்வொரு படலமும் உலரும்வரை காத்திருந்து நுரைக்கல்லால் தேய்த்தனர். ஒரு வண்டி முடிய வாரங்கள் சென்றன. அடிப்பூச்சில் ஈயவெள்ளை கலந்திருந்தது. அதை உலர்ந்தபடி தேய்த்தபோது எழுந்த தூசி தொழிலாளரின் உடலிற் சேர்ந்து, வயிற்றுவலியையும் கைத்தளர்ச்சியையும் விளைத்தது. பிறர் வியந்த பளபளப்புக்கு அவர்கள் தம் உடலையே விலையாகக் கொடுத்தனர்.

இவ்வரலாற்றில் 1921ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, ஈயவெள்ளை பற்றிய உடன்படிக்கையை அவ்வாண்டில் ஏற்றது. உலர்ந்த தீந்தையைத் தேய்ப்பதனால் எழும் தூசியின் அபாயத்தைத் தடுக்கவேண்டும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. அதே ஆண்டில், பிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்டறிந்த, நீரில் நனைந்தாலும் கெடாத உப்புத்தாள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நீர் தூசியை அடக்கியது. தாளின் பற்களைத் தீந்தை அடைக்காமலும் காத்தது. சட்டம் வேண்டியதைக் கருவி எளிதாக்கிற்று.

1923இல் டியூக்கோ என்னும் நைத்திரோசெலுலோசுத் தீந்தை மோட்டார் வண்டிகளுக்கு வந்தது. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. எனினும் அது உலர்ந்ததும் மங்கலாகவே நிற்கும். பசையிட்டுத் தேய்த்தபின்னரே ஒளிவிடும். ஆகவே கையின் வேலை ஒழிந்துவிடவில்லை.

இலங்கையில் அக்கைக்கு மதிப்பு மேலும் உயர்ந்தது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. புதியது கிடையாமையால் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகள் மீண்டும் மீண்டும் தேய்க்கப்பெற்று, தீந்தை பூசப்பெற்று, பல பத்தாண்டுகள் ஓடின.

இன்று வண்ணத்தின்மேல் நிறமற்ற காப்புப் படலம் பூசப்படுகின்றது. அதன் தடிப்பு பொதுவாக ஒரு தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. 2000, 3000 என எண்ணிட்ட நுண்தாளாயினும் அளவுமீறித் தேய்த்தால் காப்பே தேய்ந்துபோம். பின்னர் வெயில் தீந்தையை வெளிறச் செய்யும். ஈயம் பெரிதும் நீங்கியபோதிலும், இருகலவைத் தீந்தையிலுள்ள ஐசோசயனேற்று, தெளிக்கும்போது சுவாசத்துட் சென்று ஈளைநோயை உண்டாக்கவல்லது. ஆதலின் நனைத்துத் தேய்த்தலும், தக்க சுவாசக் கவசம் அணிதலும், காற்றோட்டமுள்ள பட்டறையும் இத்தொழிலின் பகுதிகளே. வண்டியின் மெருகு பழுதுபட்டால் மீண்டும் பூசலாம். தொழிலாளியின் நுரையீரலுக்கு மறுபூச்சு இல்லை.