அடுத்த வண்டி

ஒரு ஊரின் புறநகர் ரயில் நல்ல ரயிலா, மட்டமான ரயிலா என்று கண்டுபிடிக்க நிபுணர்கள் பல அளவுகோல்கள் வைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. வண்டி கிளம்பும் சமயத்தில் ஸ்டேஷன் படிக்கட்டின் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். இறங்கி வருகிறவர்கள் நடந்தால் நல்ல ரயில். ஓடினால் எங்கேயோ கோளாறு.

இதை எனக்குக் கொடுத்தவர் என் தாத்தா. சைதாப்பேட்டையில் குடியிருந்துகொண்டு பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். வண்டி கண்ணெதிரே நகர்ந்தாலும் நடையை எட்டிப் போடமாட்டார். பக்கத்தில் நான் துள்ளினால், "ஓடாதேடா, பின்னாலேயே இன்னொண்ணு வரும்" என்பார். அவருடைய தகப்பனாரோ ஓடியவராம். காரணம், அவருடைய காலத்து வண்டி நீராவி வண்டி. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று ஸ்டேஷன் மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும்.

தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நடந்தது 1931-ஆம் வருஷத்து மே மாதம் 11-ஆம் தேதி. அன்றுதான் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி பொதுஜனங்களுக்காக ஓட ஆரம்பித்தது. பம்பாயில் 1925-லேயே மின்சார வண்டி வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சாரம் ஓடியது முதலில் நம் ஊரில்தான்.

மின்சாரம் வந்ததும் வேகம் வந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. நீராவி வண்டி கடைசி ஸ்டேஷனுக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்ற வேண்டும். அது பக்கத்துத் தண்டவாளத்தில் போய் மறுகோடிக்கு வந்து சேர வேண்டும். நடுவில் தண்ணீர், கரி என்ற உபசாரங்கள் வேறு. மின்சார வண்டிக்கு இரண்டு பக்கமும் முகம். டிரைவர் பிளாட்பாரத்தோடு அந்தக் கோடிக்கு நடந்தால் ஆயிற்று, வண்டி திரும்பத் தயார். மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே இருப்பதால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் எடுக்கும். கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை என்று கூப்பிடு தூரத்துக்கு ஒரு ஸ்டேஷன் வைத்தாலும் காலம் வீணாகாது. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக வண்டி விட முடிந்தது. தாத்தாவின் நிதானம் அவருடைய சுபாவம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பாதி அந்த மோட்டாரின் உபயம்.

அடுத்த வண்டி உண்டு என்ற நம்பிக்கை ஏற்பட்டால் மனிதன் தூரத்தில் வீடு கட்டத் துணிகிறான். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகரை வகுத்தார்கள். அங்கே குடிவந்தவர்களுக்கு இந்த ரயில் வாசலில் கட்டிய மாடு மாதிரி. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தின் நடுவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு தாம்பரத்துக்குப் போயிற்று. மின்சார ரயில் இல்லாதிருந்தால் அவ்வளவு தூரம் போகத் துணிந்திருப்பார்களா என்று யோசிப்பதுண்டு.

வீடுகள் பெருகின, கூட்டமும் பெருகிற்று. 1967-ல் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தை விட்டு 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள். மாற்றம் கம்பியில்தான்; பெட்டிக்குள் இடம் பழையபடியே.

நான் காலேஜில் படித்த 1990-களில் உள்ளே போக இடமிருந்தாலும் போகமாட்டோம். வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்குவதுதான் வாலிப லட்சணம். ஒருநாள் கோடம்பாக்கம் தாண்டியதும், தோளில் கிடந்த என் பையைத் தண்டவாளத்தோரக் கம்பம் ஒன்று தட்டிற்று. பை பறந்தது. நானும் கூடவே போயிருக்க வேண்டியவன். பின்னாலிருந்து ஒரு கை சட்டைக் காலரைப் பற்றி உள்ளே இழுத்தது. கைக்குரியவர் நடுவயதுக்காரர், மடியில் டிபன் டப்பா. ஒரு வார்த்தை திட்டவில்லை. நுங்கம்பாக்கத்தில் இறங்கிப் போய்விட்டார். முகம்கூட நினைவில்லை, கையில் சுண்ணாம்புக் கறை இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. தாத்தாவிடம் இதை நான் சொல்லவேயில்லை.

2004 ஜூலை முதல் தேதியோடு மீட்டர் கேஜ் மின்சார வண்டி ஓய்ந்தது. அகலப் பாதை, அகலமான பெட்டிகள் வந்தன. கூட்டம் அதையும் நிரப்பிற்று. 2018 ஜூலை 24-ஆம் தேதி காலையில், பரங்கிமலை ஸ்டேஷனில், வழக்கமான பாதையை விட்டு விரைவு வண்டிப் பாதையில் வந்தது ஒரு புறநகர் வண்டி. வாசலில் தொங்கி வந்தவர்கள் அங்கிருந்த கான்கிரீட் சுவரில் மோதினார்கள்; சிலர் உயிரிழந்தார்கள். பத்திரிகையில் படித்தபோது என் கை தானாகச் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

2025 ஏப்ரல் 19-ஆம் தேதி குளிர்சாதன மின்சார வண்டி வந்தது. கதவுகள் தாமே மூடிக்கொள்ளும், தொங்க வழியில்லை. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய்; சாதாரண வண்டியில் 5 ரூபாய். ஏழு பங்கு. ஆனால் குளிர்ச்சி இல்லாமல், கதவு மட்டும் மூடிக்கொள்ளும் வண்டி கிடைத்தாலே எனக்குப் போதும்.

அதைப் பார்ப்பதற்கென்றே ஒருநாள் மாலை மாம்பலம் ஸ்டேஷனில் போய் நின்றேன். வந்தது, பளபளவென்று நின்றது, கதவுகள் மூடிக்கொண்டன, போயிற்று. யாரும் அதற்காக ஓடவில்லை. சற்றுக் கழித்துச் சாதாரண வண்டி வந்தது. படிக்கட்டில் தடதடவென்று சத்தம். காலேஜ் பையன் ஒருவன், தோளில் பையோடு, இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது.

"பின்னாலேயே இன்னொண்ணு வரும் தம்பி" என்றேன்.

காதில் விழுந்ததோ இல்லையோ, வாசல் கம்பியைப் பிடித்துவிட்டான்.