ஊர் திரும்பிய பானை, திரும்பாத சூரியன்

அமெரிக்க மாநிலக் கொடிகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை: நீலத் துணி, நடுவே அரசு முத்திரை. அந்த வரிசையில் நியூ மெக்சிகோவின் கொடி தூரத்திலேயே தனித்துத் தெரிந்துவிடும். மஞ்சள் துணியில் சிவப்பாக ஒரு வட்டம், அதிலிருந்து நாற்றிசைக்கும் நந்நான்கு கதிர்கள், அவ்வளவுதான். 2001இல் வட அமெரிக்கக் கொடி ஆய்வாளர் சங்கம் அமெரிக்கா, கனடா இரண்டையும் சேர்ந்த 72 கொடிகளுக்கு மதிப்பெண் கேட்டபோது முதலிடம் இதற்கே கிடைத்தது. அந்தச் சூரியன் கொடிக்காக வரையப்பட்டதல்ல. ஒரு பானையில் இருந்தது.

பானையின் ஊர் சியா. அல்புகர்க்கி நகருக்கு வடமேற்கே, ஹேமெஸ் ஆற்றங்கரை மேட்டில் இருக்கும் பழங்குடி ஊர். ஒருகாலத்தில் பெரிய ஊர். 1680இல் சியா உள்ளிட்ட ஊர்களின் புவெப்லோ பழங்குடி மக்கள் ஒன்றுதிரண்டு, தங்களை ஆண்ட ஸ்பானியரை விரட்டினார்கள். 1689இல் திரும்பி வந்த ஸ்பானியப் படை சியாவைத் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், வீடுகள் எரிந்தன. தப்பியவர்களில் பலரைப் பிறகு அம்மை கொண்டுபோனது. 1890 வாக்கில் மிஞ்சியிருந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்.

விளைச்சல் போதாத நிலம் அது. பெண்கள் பானை வனைந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் அதைக் கொடுத்துச் சோளமும் கோதுமையும் வாங்கினார்கள். சியாவின் மண்பாண்டத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அங்குள்ள கருங்கல்லை, எரிமலைக் குழம்பு இறுகிய கல்லை, இடித்துப் பொடியாக்கிக் களிமண்ணோடு பிசைவார்கள். அதனால் பானை கெட்டியாக இருக்கும். சக்கரம் கிடையாது. மண்ணைத் திரிதிரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, சுவரை எழுப்பி, கையால் வழித்துச் சமமாக்குவார்கள். மேலே வெள்ளை மண்பூச்சு. யூக்கா செடி இலையின் நுனியை மென்று நாராக்கினால் அதுவே தூரிகை. அதைக் கொண்டு சிவப்பிலும் கறுப்பிலும் பறவை, மழைமேகம், பூ எல்லாம் வரைந்து, திறந்தவெளியில் வறட்டி மூட்டிச் சுடுவார்கள்.

சூரியன் வரைந்த பானை விற்பனைக்கு வனைந்ததல்ல, சடங்குக்கு உரியது. நான்கு என்ற எண் சியா மக்களுக்குப் புனிதமானது. திசைகள் நான்கு, பருவங்கள் நான்கு, காலையிலிருந்து இரவு வரை பொழுதுகள் நான்கு, பிறந்தது முதல் முதுமை வரை வாழ்வின் கட்டங்களும் நான்கு. வலுவான உடல், தெளிந்த மனம், தூய ஆன்மா, தன் மக்களின் நலனில் பற்று என்று மனிதனுக்குரிய கடமைகளும் நான்கு. இவை அனைத்தையும் ஒரு வட்டம் கட்டி வைத்திருக்கிறது. பிறந்த குழந்தையைச் சூரியனுக்குக் காட்டும் சடங்கிலும் இந்தச் சின்னத்துக்கு இடமுண்டு என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அப்படிப்பட்ட பானையை யாரும் மனமுவந்து தந்திருக்க முடியாது, அது களவு போனது என்பதே அவர்கள் வாக்கு. பழங்குடிப் பொருள்களைச் சேகரிப்போர் ஊர் ஊராகச் சுற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியை நினைத்தால், எனக்கு அதை ஐயப்படத் தோன்றவில்லை.

பானை சாந்தா ஃபே நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நியூ மெக்சிகோ 1912இல்தான் 47ஆவது மாநிலமானது. 1915இல் ஏற்ற அதன் முதல் கொடி எழுத்தும் எண்ணும் முத்திரையுமாக நெரிசலான ஒன்று. யார் மனத்திலும் நிற்கவில்லை. 1920களில் அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்ற அமைப்பு புதுக் கொடிக்குப் போட்டி வைத்தது. வென்றவர் ஹாரி மெரா. தொழிலால் மருத்துவர், ஈடுபாட்டால் தொல்லியலாளர், பிற்காலத்தில் புவெப்லோ மண்பாண்டங்களைப் பற்றி நூல்கள் எழுதியவர். அருங்காட்சியகப் பானையிலிருந்த அந்தச் சூரியனின் அழகு அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. வடிவத்தை எளிமையாக்கி வரைந்தார். மனைவி ரீபா துணியில் தைத்துக் கொடுத்தார். 1925 மார்ச்சில் ஆளுநர் ஆர்தர் ஹானெட் அதைச் சட்டமாக்கினார். சியாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொடியின் சிவப்பும் மஞ்சளும் ஸ்பெயின் அரசி இசபெல்லாவின் நிறங்கள். ஸ்பானியப் படை எரித்த ஊரின் சூரியன், ஸ்பெயினின் நிறத்தில் பறக்கிறது. இந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தைப்பது அதுதான்.

பிறகு சூரியன் எங்கும் பரவியது. 1927 முதல் கார் நம்பர் பிளேட்டில் ஏறியது. 1966இல் திறந்த சட்டமன்றக் கட்டடத்தையே, மேலிருந்து பார்த்தால் சியா சூரியனாகத் தெரியும்படி வட்டமாகக் கட்டினார்கள். பனியன், காபிக் கோப்பை, பிளம்பிங் கடைப் பலகை என்று போய், கடைசியில் நடமாடும் கழிப்பறை மீதும் வந்து உட்கார்ந்தது. குழந்தையைச் சூரியனுக்குக் காட்டும் சின்னத்தை அங்கே பார்த்த பெரியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

1990களில் சியா மக்கள் மாநில அரசிடம் இழப்பீடு கேட்டார்கள். கொடி பறந்த ஒவ்வோராண்டுக்கும் பத்து லட்சம் டாலர் என்பது கணக்கு. அந்தப் பணம் வரவில்லை. சட்டமும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. மாநிலக் கொடியை எவரும் தம் வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய முடியாது. ஆனால் பதிவில்லாமல் பயன்படுத்துவதற்குத் தடையில்லை. தலைமுறை தலைமுறையாக ஓர் ஊருக்குச் சொந்தமான புனித வடிவத்துக்குக் பதிப்புரிமைச் சட்டத்திலும் இடமில்லை, அது குறிப்பிட்ட ஆசிரியரையும் கால வரம்பையும் அடிப்படையாகக் கொண்டது.

2000ஆம் ஆண்டை ஒட்டிப் பானை ஊருக்கே திரும்பி வந்தது. அதே காலத்தில் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் தன் விமானம் ஒன்றில் இந்தக் கொடியைத் தீட்ட விரும்பி, முதலில் சியாவிடம் அனுமதி கேட்டது. ஊர் சம்மதித்தது, நிறுவனம் ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்கு நன்கொடை தந்தது, விமானத்தின் தொடக்க விழாவில் சியா மக்கள் வந்து ஆடினார்கள். கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அந்த நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்றும் கட்டாயமில்லை.