வேலனின் குரலும் வள்ளியின் குரலும்: டி.ஆர். மகாலிங்கத்தை முன்வைத்துப் பின்னணிப் பாட்டின் தொடக்கம் பற்றி ஓர் ஆய்வு

பாடி நடித்தவர்களின் காலம் தமிழ்த் திரையில் எப்படி முடிந்தது என்ற கேள்விக்குச் சு. தியடோர் பாஸ்கரன் தந்த விடையே இன்றும் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது. கம்பெனி நாடகத்தின் நீட்சியாகப் பேசும் படம் பிறந்தது, நாடகத்தில் பாடத் தெரிந்தவர் திரையிலும் நட்சத்திரமானார், பின்னணிப் பாடல் வந்ததும் நடிப்புக்குப் பாட்டுத் தகுதி தேவையில்லாமல் போயிற்று. ‘எம் தமிழர் செய்த படம்’ உள்ளிட்ட அவருடைய நூல்களில் காணும் வாதத்தின் சாரம் இது. நாடக மேடையையும் இசைத்தட்டையும் திரையையும் ஒரே கயிற்றில் கோத்துப் பார்க்க நமக்குக் கற்றுத் தந்தவர் அவர். அந்தக் கடனை மறந்து இதை எழுதவில்லை. ஆனாலும் இந்த விடையின் கடைசிக் கண்ணியை என்னால் ஏற்க முடியவில்லை. பின்னணிப் பாட்டு, பாடும் நடிகனுக்குப் போட்டியாக வந்தது என்று அது கொள்கிறது. தொடக்ககாலச் சான்றுகளோ வேறு திசையைக் காட்டுகின்றன. பாடும் நடிகனுக்கு, அதிலும் குறிப்பாகப் பாடும் சிறுவனுக்கு, முட்டுக் கொடுக்கவே அந்த உத்தி முதலில் கையாளப்பட்டது.

சான்றாக எடுத்துக்கொள்வது டி.ஆர். மகாலிங்கத்தை. சோழவந்தானை அடுத்த தென்கரையில் 1924இல் பிறந்து, சிறு வயதிலேயே நாடக மேடை ஏறியவர். ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ (1938) படத்தில் கண்ணனாகத் திரைக்கு வந்தபோது வயது பதினான்கை ஒட்டி. அடுத்த ஆண்டே ‘பிரகலாதா’. இரண்டு படங்களிலும் தெய்வக் குழந்தை வேடம், இரண்டிலும் பாட்டே முதல். ‘ஸ்ரீவள்ளி’ (1945) வந்தபோது இருபதைத் தாண்டி ஓராண்டுகூட நிறையவில்லை. 

நாடகக் கம்பெனிச் சிறுவர்களுக்கு, பருவத்தில் குரல் உடையும் மகரக்கட்டு என்பது தொழிலின் மரண அறிவிப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதல், பி.யு. சின்னப்பா பெயரெடுத்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி வரை, எங்கும் இதே கதைதான். தொண்டை உடைந்த பையன் ராஜபார்ட்டிலிருந்து கீழே இறக்கப்படுவான். சின்னப்பாவுக்கே அது நேர்ந்தது. கம்பெனியை விட்டு வந்து, முறையாகச் சங்கீதமும் சிலம்பமும் கற்றுத்தான் அவர் மீண்டார். மகாலிங்கத்தின் குரலோ பருவம் மாறிய பிறகும் மேல் ஸ்தாயியை விடவில்லை. நாடகப் பாடகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தபின் காலியாகக் கிடந்த இடத்தில் ரசிகர்கள் இவரை உட்கார வைத்ததற்கு இதுவே காரணம்.

இங்கே மயிலாப்பூரை ஒரு கணம் எட்டிப்பார்க்க வேண்டும். ‘சீதா கல்யாணம்’ (1934) படத்துக்காக மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்று அப்படியே பிரபாத் ஸ்டூடியோவுக்குப் போனது. பதினைந்து வயது எஸ். ராஜம் ராமன், தங்கை ஜெயலட்சுமி சீதை, தந்தை சுந்தரம் ஐயர் ஜனகர். ஏழு வயது எஸ். பாலசந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தார். பாபநாசம் சிவனுக்கும் அதுவே முதல் படம். ஆனால் ராஜத்துக்குத் திரை ஒரு குறுகிய பயணமாகவே இருந்தது. சில படங்களுக்குப் பிறகு வானொலி, சபை, ஓவியம் என்று அவர் வாழ்வு மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. பாலசந்தர் வீணைக்குப் போனார், இடையில் ‘அந்த நாள்’ (1954) போன்ற பாட்டே இல்லாத படத்தை எடுத்தார். சபையும் 1938இல் தொடங்கிய சென்னை வானொலியும் இவர்களைத் தாங்கின. தென்கரைப் பையனுக்கு அந்தத் தாங்குதல் கிடையாது. திரையில் குரல் எடுபடாவிட்டால் அவருக்குப் பிழைப்பே இல்லை. பாடும் இளம் நாயகன் என்ற பிம்பம் மயிலாப்பூர்ப் பிள்ளைகளிடமிருந்து உருவாகாமல் நாடக மேடைப் பிள்ளையிடமிருந்து உருவானதை இந்த வேறுபாட்டைக் கொண்டே புரிந்துகொள்ள முடியும்.

இனி மையமான சான்றுக்கு வருகிறேன். தமிழில் பின்னணிப் பாட்டின் முதல் முயற்சி என்று ஏவி.எம். வரலாறு குறிப்பது ‘நந்தகுமார்’. தேவகியாக நடித்தவரின் பாட்டு மெய்யப்பனுக்கு நிறைவு தராததால், லலிதா வெங்கட்ராமன் பாடியதைச் சேர்த்தார்கள். கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் 1935இலேயே இதைச் செய்துவிட்டதால் உத்தி புதியதன்று. நான் கவனிப்பது வேறு. அந்தப் படத்தின் கண்ணன் மகாலிங்கம். ஏழு ஆண்டுகள் கழித்து ‘ஸ்ரீவள்ளி’யில் மறுபடியும் ஒரு பெண் குரல் மாற்றப்படுகிறது. அந்தப் படத்தின் வேலனும் மகாலிங்கம். இரு இடத்திலும் பையன் தன் குரலிலேயே பாடுகிறான், அவனைச் சூழ்ந்த பெண் குரல் மட்டும் வேறொருத்தியுடையதாகிறது. ஒருமுறை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஒரே தயாரிப்பாளர், ஒரே நாயகன் என்று இருமுறை நடந்திருப்பதால் காரணம் தேடியாக வேண்டும்.

‘ஸ்ரீவள்ளி’யில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி, அப்போது பதினாறை ஒட்டிய வயது. பாட்டுகளையும் அவரே பாடினார். பிறகு மெய்யப்பன் அந்தக் குரலை எடுத்துவிட்டு, பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்தார். படம் வெளியானபின்பே இது நடந்தது என்பது பரவலான கூற்று. அது உண்மையானால் 1945இல் ஒரே படம் இரண்டு ஒலித்தடங்களோடு ஊர்களில் உலவியிருக்கும். முதல் ஒலித்தடத்தை எத்தனை கொட்டகைகள் கேட்டன, எந்த வாரத்தில் அது மறைந்தது என்பதைத் தீர்மானிக்காமல் விடுவதே நேர்மை.

தொழில்நுட்பம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. இன்று நாம் பின்னணிப் பாட்டு என்பதில் பாட்டு முன்னே, படப்பிடிப்பு பின்னே. நடிகை ஒலிக்கு வாயசைப்பார். ‘ஸ்ரீவள்ளி’யில் வரிசை தலைகீழ். ருக்மிணியின் உதடுகள் ஏற்கெனவே பிலிமில் பதிந்துவிட்டன. அவர் மூச்சு வாங்கிய இடம், சங்கதியை முடித்த இடம் எல்லாம் மாற்ற முடியாதவை. பெரியநாயகி அந்த உதடுகளுக்குப் பாட வேண்டும். காந்த நாடா வராத காலம். ஒலியும் பிலிமிலேயே ஒளியாகப் பதிந்தது. பாட்டை மாற்றுவதென்றால் புதிய ஒலி நெகடிவ், புதிய பிரதிகள், போர்க்காலத்துப் பிலிம் தட்டுப்பாட்டில் கூடுதல் செலவு. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஒரு தயாரிப்பாளர் மாற்றினார் என்றால், ருக்மிணி சரியாகப் பாடவில்லை என்ற ஒரு வரி விளக்கம் போதாது.

என் விளக்கம் சுருதியில் இருக்கிறது. சாதாரணமாக ஆண் குரல் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண் குரல் ஐந்து கட்டையை ஒட்டியும் நிற்கும். இருவரும் சேர்ந்து பாடும்போது இந்த இடைவெளியே இருவருடைய குறைகளையும் மறைத்துவிடும். மகாலிங்கத்தின் குரல் பெண் குரலுக்கு அருகில் ஏறி நின்றது. அதனால் வேலனும் வள்ளியும் ஒரே சுருதியில், தோளோடு தோள் நின்று பாட நேர்ந்தது. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் உயிரே அவர்களுடைய தர்க்கம். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் இணையில் அதைக் கேட்டுப் பழகிய காது அன்று ஊரெங்கும் இருந்தது. அந்தக் காதுக்கு முன்னால் வள்ளி ஒரு படி தாழ்ந்தாலும் தர்க்கம் ஒருதலையாகிவிடும். இதற்கு எழுத்துச் சான்று இல்லை, பாட்டின் அமைப்பிலிருந்து வந்த ஊகம்தான். ஆயினும் ‘நந்தகுமா’ரையும் ‘ஸ்ரீவள்ளி’யையும் சேர்த்து விளக்குவது இந்த ஊகம் மட்டுமே. உயர்ந்த அந்தச் சிறுவன் குரலே அளவுகோலாகி, மற்றவர்களை அதற்கு ஈடாக மாற்றிக்கொண்டே போனது.

  மகாலிங்கத்தின் குரல் இப்படி அளவுகோலானதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். 1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் முன்னணிப் பாடும் நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் கைதானார். அவருடைய ‘ஹரிதாஸ்’ அப்போது ஓடிக்கொண்டிருந்தது. சின்னப்பா உச்சத்தில்தான் இருந்தார், ஆகவே அரியணை வெறுமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இளங்குரல் ஒன்றுக்குச் சந்தை திறந்திருந்தது, அவ்வளவே.

‘நாம் இருவர்’ (1947) இதே முறையை இன்னொரு பக்கமிருந்து உறுதிசெய்கிறது. பன்னிரண்டு வயது கமலா ஆட, டி.கே. பட்டம்மாள் பாரதியைப் பாடினார். நாயகன் மகாலிங்கம் தானே பாடினார். அங்கே பின்னணிப் பாட்டால் அவருக்கு எந்தக் குறையும் வரவில்லை.

சரிவு பிறகு வந்தது. சுகுமார் புரொடக்‌ஷன்ஸ் என்ற சொந்த நிறுவனத்தில் 1950 முதல் எடுத்த படங்கள் அவரைக் கடனில் ஆழ்த்தின. அதே ஆண்டுகளில் ‘வேலைக்காரி’ (1949), ‘பராசக்தி’ (1952) வழியாக வசனம் பேசும் நாயகன் வந்துவிட்டான். தர்க்கம் பாட்டிலிருந்து பேச்சுக்கு மாறியது. பாஸ்கரனின் வாசிப்பில் பின்னணிப் பாட்டு வகிக்கும் இடத்தை நான் வசனத்துக்கே கொடுப்பேன். கண்ணதாசனின் ‘மாலையிட்ட மங்கை’ (1958) மகாலிங்கத்தை மீட்டது, அப்போதும் சொந்தக் குரலில்.

‘திருவிளையாடல்’ (1965) படத்தின் பாட்டுப் போட்டிக் கட்டத்தை இந்த வாதத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். ஹேமநாத பாகவதராக வாயசைப்பவர் டி.எஸ். பாலையா, பாடுவது பாலமுரளி கிருஷ்ணா. விறகு விற்க வரும் இறைவன் சிவாஜி, பாடுவது டி.எம். சௌந்தரராஜன். பாணபத்திரர் மட்டும் தானே பாடுகிறார், அவர் மகாலிங்கம். பின்னணிப் பாட்டு அறிமுகமாகி இருபத்தேழு ஆண்டுகள் ஆன பிறகும் இரண்டு முறைகளுக்கும் ஒரே கதைப்பகுதியில் இடம் இருந்திருக்கிறது.

பாஸ்கரனின் வாசிப்பு வலுவாக நிற்பது நடிகைகள் பக்கத்தில். ருக்மிணி அதன்பின் பல்லாண்டு நடித்தார், ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தில் வ.உ.சி.யின் மனைவியாகவும் வந்தார். அவர் பாடகி என்ற நினைவு மட்டும் தமிழ்நாட்டில் தங்கவில்லை. பி. பானுமதியும் எஸ். வரலட்சுமியும் தம் குரலை விடாமல் காத்துக்கொண்டதையும் சேர்த்துப் பார்த்தால், யார் குரல் நீடிக்கும் என்பதை அன்றைய ஸ்டூடியோக்கள் எந்த அளவுகோலால் முடிவு செய்தன என்ற கேள்வி எழுகிறது. நாயகர்களை விட்டு நாயகியரின் ஒலித்தடங்களை வரிசையாகக் கேட்டால்தான் அதற்கு விடை தேட முடியும்.